எட்டு அடித் திறப்பு வெட்டும் முன் பழைய செங்கல் சுவரில் எதைப் பலப்படுத்துவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். மயிலாடுதுறைப் பக்கம் 1971-ல் கட்டிய மாடி வீடு. தூணும் பீமும் கிடையாது, செங்கல் சுவர்கள்தான் கான்கிரீட் தளத்தைத் தாங்குகின்றன. ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் 16 அடி நீளத்தில் 9 இஞ்ச் சுவர். அதன் ஒரு மூலையில் ஏற்கெனவே 3 அடிக் கதவு இருக்கிறது. கதவிலிருந்து 2 அடி தள்ளி, புதிதாக 8 அடித் திறப்பு வேண்டும் என்கிறீர்கள். கொத்தனார், "ரெண்டு நாள் வேலை சார், உடைச்சுட்டு லிண்டல் போட்டுடலாம்" என்கிறார். தெரிந்த இன்ஜினியர் ஒருவர், சுவரின் இரண்டு பக்கமும் கம்பி வலை அடித்துச் சிமென்ட் பூசிப் பலப்படுத்திவிட்டு அப்புறம் வெட்டலாம் என்கிறார். இருவரில் யார் பேச்சைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. எனக்குப் படுவது, நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: இந்தச் சுவர் இப்போது சுமக்கும் பாரம், திறப்பு வந்த பிறகு எந்த வழியாகத் தரைக்கு இறங்கும்? அந்த வழி தாங்குமா?

முப்பது வருடத்துக்கும் மேலாகக் கட்டட வடிவமைப்பு வேலை பார்த்தவன் நான். அதில் பாதி பழைய வீடுகளைத் திறப்பதும் அடைப்பதும்தான். சுவரைப் பார்க்காமல், நீங்கள் எழுதியதையும் அனுப்பிய வரைபடத்தையும் மட்டும் வைத்துப் பேசுகிறேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

முதலில் பாரத்தைக் கணக்குப் போடுவோம். பூச்சோடு சேர்த்து 9 இஞ்ச் சுவர் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 500 கிலோ. திறப்புக்கு மேலே தளம் வரை மிஞ்சும் 3 அடிச் சுவர், அதன் மேல் முதல் மாடித் தளம், மாடியில் அதே கோட்டில் நிற்கும் சுவர், அதற்கு மேல் மொட்டை மாடித் தளம். இரண்டு பக்கமும் 12 அடி அகல அறைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். தளங்கள் அந்தப் 12 அடியைக் குறுக்காகத் தாண்டி இந்தச் சுவரில் உட்காருகின்றன என்று வைத்துக்கொண்டால், திறப்பின் தலைக்கு மேல் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 6 டன்னுக்குச் சற்று அதிகமாக வருகிறது. 8 அடிக்கு மொத்தம் 15 டன். நல்ல சுமை ஏற்றிய லாரி ஒன்றை உங்கள் ஹால் வாசலுக்கு மேல் நிறுத்திவைப்பது மாதிரி.

இங்கே கொத்தனார்கள் வழக்கமாக ஒரு நியாயம் சொல்வார்கள்: செங்கல் தானாகவே வளைவு மாதிரி பிடித்துக்கொள்ளும், திறப்புக்கு மேல் ஒரு முக்கோணத்தில் இருக்கும் கல் மட்டும்தான் லிண்டலில் உட்காரும் என்று. அது பொய்யில்லை. ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. 8 அடித் திறப்புக்கு அந்த முக்கோணம் ஏறக்குறைய 7 அடி உயரம். உங்கள் திறப்புக்கு மேல் 3 அடியிலேயே தளம் வந்துவிடுகிறது, ஆகவே தளத்தின் பாரம் முக்கோணத்துக்குள்ளேயே விழுகிறது. வளைவு உதைப்பதற்குப் பக்கத்தில் அகலமான சுவரும் வேண்டும்; உங்களுக்கு இருப்பது கதவுப் பக்கம் இரண்டடி, மறுபக்கம் மிஞ்சிப்போனால் மூன்றடி. எனவே உங்கள் வீட்டில் முக்கோணக் கணக்கு செல்லாது. முழுப் பாரத்தையும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது அந்த 2 அடித் துண்டைப் பாருங்கள். பழைய கதவுக்கும் புதிய திறப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற துண்டு. திறப்பின் பாதிப் பாரம், கதவுத் தலையின் பாதிப் பாரம், தன் தலைக்கு நேராக வரும் பாரம் எல்லாம் சேர்ந்து அதில் 15 டன் இறங்குகிறது. 2 அடிக்கு 9 இஞ்ச் என்ற பரப்பில் அதைப் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 11 கிலோ. நம் ஊர்ச் சூளைச் செங்கல் அதே சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ வலு உள்ளது என்று எடுத்துக்கொண்டால், அதைச் சுமாரான கலவையில் கட்டிய சுவருக்கு, செங்கல் கட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1905 அனுமதிப்பது 3 முதல் 5 கிலோதான். திறப்பே வெட்டாத நிலையில் உங்கள் சுவர் இன்றைக்குச் சராசரியாக 4 கிலோ சுமந்துகொண்டிருக்கிறது. அதாவது ஏற்கெனவே தன் வேலையை முழுசாகச் செய்துகொண்டிருக்கும் சுவர் அது. அதன் ஒரு துண்டிடம் இரண்டரை மடங்குக்கு மேல் கேட்கிறீர்கள். இடிந்தே விழும் என்று சொல்லவில்லை. இந்த அனுமதி அளவுகளுக்குள் தாராளமான பாதுகாப்பு வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பு, மட்டமான கல்லுக்கும் சரிந்த கட்டுக்கும் ஈரத்துக்கும் வைத்தது. அதை ஹால் அழகுக்காகச் செலவழிக்கக்கூடாது.

கலவை பற்றி ஒரு வார்த்தை. 1971-ல் சிமென்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. 1982-ல்தான் ஓரளவு தளர்த்தினார்கள், 1989-ல் முழுசாக. அதனால் அந்தக் காலத்து வீடுகளில் தளத்துக்குச் சிமென்டை ஒதுக்கிவிட்டுச் சுவரைச் சுண்ணாம்பிலோ, பேருக்குக் கொஞ்சம் சிமென்ட் கலந்த மணலிலோ கட்டியது சகஜம். வெளிப்பூச்சைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். திறப்பு வரும் இடத்தின் இரண்டு ஓரத்திலும் மேலேயும் ஓர் அடிச் சதுரத்துக்குப் பூச்சை உரித்து, கல்லுக்கு நடுவிலுள்ள கலவையை வீட்டுச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். சாவி கீறல் மட்டும் போட்டால் நல்லது. மாவு மாதிரி உதிர்ந்து அரை இஞ்ச் ஆழத்துக்கு உள்ளே போனால் மேலே சொன்ன 3 கிலோவைக்கூட நான் நம்பமாட்டேன். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு உப்புப் பூத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் இன்ஜினியர் சொன்ன வலைப்பூச்சு. பழைய செங்கல் சுவர்களுக்கு அது நல்ல வைத்தியம்தான். ஐ.எஸ். 13935 அதை விரிவாகவே சொல்கிறது: வெல்டு மெஷ் வலை, சுவரைத் துளைத்து இரண்டு பக்க வலையையும் இணைக்கும் கம்பிகள், அதன் மேல் கெட்டியான சிமென்ட் பூச்சு. பூகம்பத்தில் சுவர் பக்கவாட்டில் சாயாமலும் குறுக்காகப் பிளக்காமலும் இருக்க அது உதவும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் பிரச்சினை மேலிருந்து கீழே வரும் பாரம். தளம் உட்கார்ந்திருப்பது செங்கல்லின் மேல், நாளைக்குப் பூசப்போகும் பூச்சின் மேல் அல்ல. பூச்சுக்குள் பாரம் போக வேண்டுமானால் அது கல்லோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ள வேண்டும். பலவீனமான சுண்ணாம்புச் சுவரில் அது எவ்வளவு வாங்கும் என்று கணக்கில் எழுதிக் கையெழுத்துப் போட நான் துணியமாட்டேன். துண்டுச் சுவர் விரிந்து பிதுங்காமல் இறுக்கிப் பிடிக்கும், அந்த அளவில் பயன். 16 அடிச் சுவர் முழுக்கப் பூசுவது பெரும்பாலும் காசுக்குக் கேடு. கீழே ஈரம் ஏறும் சுவராக இருந்தால் சிமென்ட் பூச்சு அந்த ஈரத்தை உள்ளே அடைத்து இன்னும் மேலே ஏற்றிவிடும். டெல்டா வீடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிமென்ட் பாலை ஊசி மூலம் சுவருக்குள் செலுத்தும் கிரவுட்டிங்கையும் யாராவது சொல்லக்கூடும். உள்ளே ஜல்லியும் காரையும் கொட்டி நிரப்பிய தடிமனான கல் சுவர்களில் அது அருமையாக வேலை செய்யும். 9 இஞ்ச் செங்கல் சுவரில் நிரப்புவதற்கு உள்ளே வெற்றிடமே பெரிதாக இருக்காது. விரிசல் இருக்கும் இடத்தில் செய்யலாம், மற்றபடி வேண்டாம். கார்பன் ஃபைபர் பட்டை ஒட்டுவதற்கும் ஆள் வருவார்கள். பட்டைக்கு அசாத்திய வலு. ஆனால் அதை ஒட்டியிருக்கும் செங்கல் தோலுக்கு அந்த வலு இல்லையே. முதலில் தோல்தான் உரியும்.

அப்படியானால் எதைப் பலப்படுத்துவது? திறப்பின் இரண்டு தோள்களையும், அதாவது இரண்டு ஓரத்திலும் பீமைத் தாங்கி நிற்கும் சுவர்த் துண்டுகளையும், அவற்றுக்குக் கீழே இருக்கும் அஸ்திவாரத்தையும். இதை நான் கற்றுக்கொண்டது சொந்தத் தப்பிலிருந்து. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடைக்காகச் சுவரைத் திறந்தோம். பீமைத் தாராளமாகக் கணக்கிட்டேன், அளவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் இரண்டு முனைகளையும் ஆறு இஞ்ச் மட்டும் நேரடியாகச் செங்கல்லில் உட்காரவைத்தேன். முட்டுக் கொடுத்த ஜாக்கியை (திருகி இறுக்கும் இரும்பு முட்டுத் தூண்) எடுத்த மறுநாள், பீம் முனைக்குக் கீழே நான்கு வரிசைக் கல் நொறுங்கித் தூளாகியிருந்தது. மாடி அறையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். பீமுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்ப முட்டுக் கொடுத்தோம். அந்த வீட்டு அம்மா எனக்குக் காபி கொடுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் திட்டத்தில் நான் முதலில் மாற்றச் சொல்வது அளவை. மூலையிலுள்ள 3 அடிக் கதவை அடைத்துவிட்டு, நடுவில் 6 அடித் திறப்பு வையுங்கள். இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடிச் சுவர் நிற்கும், சராசரி அழுத்தம் 5 கிலோவை ஒட்டி வரும். வரம்புக்குப் பக்கத்தில்தான், ஆனால் 11 இல்லை. பூகம்பத்தைக் கருதி எழுதிய ஐ.எஸ். 4326, இரண்டடுக்கு வீட்டில் ஒரு சுவரின் திறப்புகள் எல்லாம் சேர்ந்து அதன் நீளத்தில் அதிகபட்சம் பாதிதான் இருக்கலாம் என்கிறது. ஆபத்து கூடிய வகைக் கட்டடங்களுக்கு இன்னும் குறைவு. உங்கள் வரைபடத்தில் 16-க்கு 11, அதாவது 69 சதவீதம். நான் சொல்வதில் 38. "நம்ம ஊர்ல எங்க சார் பூகம்பம்" என்பீர்கள். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்ததைக் கடற்கரையோரம் எல்லோரும் உணர்ந்தார்கள். அதை விட்டாலும், பக்கவாட்டு விறைப்புக்கு இந்த விகிதம் நல்ல தோராயக் கணக்கு. கதவை அடைக்கும்போது வெறுமனே கல்லை அடுக்கிப் பூசிவிடக்கூடாது. பழைய சுவரில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பல் எடுத்து அதற்குள் புதுக் கல் புகுந்து உட்கார வேண்டும். மேல் இடுக்கில் கலவையை இறுக்கித் திணிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது திரைச்சீலைதான், சுவர் இல்லை.

8 அடியை விட முடியாது என்றால் செங்கல்லை நம்பாமல், திறப்பின் இரு ஓரத்திலும் இரும்புத் தூண், மேலே இரும்பு பீம், கீழே தரைக்கு அடியில் இரண்டு தூணையும் சேர்க்கும் கான்கிரீட் பீம் என்று முழுச் சட்டமாகச் செய்ய வேண்டியிருக்கும். கதவை அடைப்பது அப்போதும் கட்டாயம். கீழ் பீம் எதற்கு என்றால், உங்கள் அஸ்திவாரம் 16 அடிக்கும் சீராகப் பாரம் வரும் என்று போட்டது. இப்போது நடுவில் பாரமே இல்லை, இரண்டு புள்ளியில் குவிகிறது. காவிரிப் படுகைக் களிமண் அதை விரும்பாது. கீழ் பீம் பாரத்தைத் திரும்பவும் நீளவாக்கில் பரப்பிவிடும். 6 அடித் திறப்புக்கும் இது தேவைப்படுமா என்பது எனக்கு நிச்சயமில்லாத விஷயம். சுவர் ஓரமாக ஒரு குழி வெட்டி, அஸ்திவாரத்தின் அகலத்தையும் அது உட்கார்ந்திருக்கும் மண்ணையும் பார்த்தால்தான் சொல்ல முடியும். அப்புறம் இன்னொரு சந்தேகம்: இரும்புச் சட்டம் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும் என்பது உறுதி, ஆனால் பக்கவாட்டில் வெட்டியெடுத்த சுவரின் விறைப்பை அது திரும்பக் கொடுத்துவிடும் என்று பலர் சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன். இரும்புச் சட்டம் வளைந்து கொடுக்கும், செங்கல் கொடுக்காது. சட்டம் வேலை செய்யத் தொடங்குவதற்குள் சுவர் விரிசல் விட்டிருக்கும்.

6 அடிக்கான வேலை முறையைச் சொல்கிறேன். வரிசை முக்கியம். முதலில் இரண்டு தோள்களையும் சரிசெய்யுங்கள்: உதிர்ந்த கலவையைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைத்து, தளர்ந்த கல்லை மாற்றி, பீம் முனை உட்காரும் உயரத்தில் இரண்டு பக்கமும் 2 அடி நீளத்துக்குக் கம்பி போட்ட கான்கிரீட் பெட் பிளாக், அதாவது பீம் முனையின் பாரத்தைச் செங்கல்லில் பரப்பிவிடும் திண்டு. தோள் பலவீனமாகத் தெரிந்தால் அந்த இரண்டடி அகலத்துக்கு மட்டும் தரைவரை வலைப்பூச்சு, குறுக்குக் கம்பிகளோடு. உங்கள் இன்ஜினியரின் யோசனைக்கு இடம் அங்கேதான். இதெல்லாம் சுவர் முழுசாக இருக்கும்போதே நடக்க வேண்டும். கான்கிரீட் இறுகக் குறைந்தது பதினான்கு நாள்.

அடுத்து முட்டு. சுவரின் இரண்டு பக்கமும், கீழே முதல் மாடித் தளத்துக்கு மட்டுமல்ல, மாடியில் மொட்டை மாடித் தளத்துக்கும், மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் ஜாக்கி. இரும்பு ஜாக்கிதான், சவுக்குக் கட்டை வேண்டாம். ஜாக்கியின் காலைத் தரை டைல்ஸில் வைக்காதீர்கள். கீழே இருப்பது கொட்டிய மணல், அமுங்கும். தடித்த பலகையைப் படுக்கப்போட்டு அதன் மேல் வையுங்கள். முட்டுக் கொடுப்பது தளத்தைத் தூக்குவதற்கு இல்லை. கையால் திருகி இறுக்கினால் போதும். அதிகம் திருகினால் தளம் மேல்பக்கமாக விரிசல் விடும்.

பீம், அந்த இடத்திலேயே வார்க்கும் கான்கிரீட் லிண்டலாக வேண்டாம். மேலே சுவர் இருக்கும்போது அடியில் கான்கிரீட் கொட்டினால் மேல் விளிம்புவரை நிரம்பாது, நிரம்பினாலும் காயும்போது சுருங்கி ஒரு மயிரிழை இடைவெளி விடும். அந்த மயிரிழை அளவுக்கு உங்கள் மாடி இறங்கும். அதற்குப் பதில் இரும்பு சேனல் (‘ப’ வடிவ வெட்டுள்ள இரும்பு பீம்) இரண்டு, முதுகோடு முதுகாக. சுவரின் ஒரு பக்கம் பாதித் தடிமனுக்குக் காடி வெட்டி முதல் சேனலை நுழைத்து, மேல் இடுக்கில் ஒன்றுக்கு மூன்று சிமென்ட் மணலை, பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஆனால் கையை நனைக்காது என்ற ஈரத்தில், கட்டையால் அடித்துத் திணிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபக்கம் அதே மாதிரி. பிறகு இரண்டையும் குறுக்கே போல்ட் போட்டு இணைப்பது. இந்த முறையில் சுவர் ஒரு நிமிடம்கூட முழுத் தடிமனுக்குத் தொங்குவதில்லை. சேனல் அளவை நான் சொல்லமாட்டேன், அது உங்கள் இன்ஜினியர் கணக்குப் போட்டு எழுத்தில் தர வேண்டியது. ஒன்றை மட்டும் கேளுங்கள்: பீம் எவ்வளவு தொய்யும்? பெரும்பாலும் வலுவுக்குப் போதுமான பீம் தொய்வுக்குப் போதாது. 6 அடிக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் பதில் வந்தால் பெரிய சேனல் கேளுங்கள். மேலே இருக்கும் செங்கல் அதற்கு மேல் வளையாது.

அதற்கப்புறம்தான் உடைப்பது. பிரேக்கர் மெஷினை உள்ளே விடாதீர்கள், அந்த அதிர்வு ஒன்றே சுண்ணாம்புக் கலவையைத் தளர்த்திவிடும். திறப்பின் ஓரங்களைக் கட்டிங் மெஷினால் இரண்டு பக்கமும் கீறிவிட்டு, மேலிருந்து கீழே கல் கல்லாகக் கையால் எடுக்கச் சொல்லுங்கள். கொத்தனார் சொன்ன இரண்டு நாள் இதற்குச் சரியாக இருக்கும். முன்னாலும் பின்னாலும் சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

இதில் நான் சரிபார்க்காத ஒரு பெரிய ஊகம் ஒளிந்திருக்கிறது. தளம் இந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அறைகள் 16-க்கு 12 என்பதால் அது நியாயமான ஊகம், ஆனால் கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது, இரண்டு அறைக்கும் ஒரே தளமாகப் போட்டிருக்கிறார்களா என்பதை ஸ்கேனர் வைத்துப் பார்ப்பது நல்லது. மாடியில் சுவர் அதே கோட்டில் இல்லாமல் ஓர் அடி தள்ளி இருந்தாலும் மேலே போட்ட கணக்கு மாறும்.

வெட்டுவதற்கு முன்பே மாடியிலும் கீழேயும் இருக்கும் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வைத்துவிடுங்கள். ஜாக்கிகளை ஒரே நாளில் உருவாமல், ஒரு நாளைக்குக் கால் சுற்றாகத் தளர்த்தச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் புதிதாக மயிரிழை விரிசல் ஒன்றிரண்டு வந்து நின்றுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, பீம் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. பட்டை உடைந்து, அடுத்த வாரம் வைத்த புதுப் பட்டையும் உடைந்தால் திரும்ப ஜாக்கியை ஏற்றிவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஐப்பசி மழைக்கு உங்கள் களிமண் உப்பும், சித்திரையில் சுருங்கும். அதனாலும் விரிசல் வரும். ஒரு விரிசல் மண்ணால் வந்ததா, இந்த வேலையால் வந்ததா என்று பிரித்துச் சொல்லக் குறைந்தது ஒரு வருடப் படங்கள் கையில் வேண்டும்.